முள்ளைப் பிடுங்குவதற்கு முன் கிலோமீட்டரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் ஒரு வாசகர், தன் பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றுங்கள், முள்ளைப் பிடுங்குங்கள், சரியான எண்ணுக்கு நேராக வைத்து மறுபடி அழுத்திவிடுங்கள், அவ்வளவுதான் என்று பதில் வந்திருந்தது. பழைய மீட்டர்களைப் பிரித்து மாட்டுவதிலேயே என் ஓய்வு நேரமெல்லாம் போகிறது, அந்த உரிமையில் எழுதுகிறேன். இந்தப் பதில் பாதிதான் சரி. முள் தன் இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் மட்டுமே இந்த வைத்தியம் பலிக்கும். காரணம் வேறாக இருந்தால், ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் சரியாகக் காட்டிவிட்டு மற்ற எல்லா வேகத்திலும் தப்பாகக் காட்டும் மீட்டர்தான் கையில் மிஞ்சும். அதைவிடக் கவலை, அந்த ஒரு வேகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுபவர் மீட்டர் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார்.

ஏன் அப்படி என்று சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு கேபிளில் ஓடும் மீட்டர்களில் நெடுங்காலம் நீடித்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டிலோ, இருசக்கர வண்டியென்றால் பெரும்பாலும் முன்சக்கரத்தின் நடுவிலோ இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுற்றுகிறது. கேபிளின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு நிலைக்காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தக் காந்தத்தைத் தொடாமல், அதன்மேல் அலுமினியத்தில் மெல்லிய கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு, கிண்ணமும் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கும், கிண்ணத்தின் அச்சில் செருகியிருக்கும் முள்ளும் அங்கேயே நிற்கும். அதாவது காந்தத்துக்கும் முள்ளுக்கும் நடுவே பல்சக்கரம் எதுவும் கிடையாது, வெறும் காற்றிடைவெளிதான். காந்தம் வலுவிழந்தாலும், சுருள்வில் தளர்ந்தாலும், கிண்ணத்தின் அச்சு தேய்ந்தாலும் முள் இடம் மாறும்.

கிலோமீட்டர் எண்ணும் ஓடோமீட்டர் அப்படியில்லை. அதே கேபிள்தான் அதையும் ஓட்டுகிறது, ஆனால் திருகுப் பல்சக்கரங்கள் வழியாக, பல்லோடு பல் கடித்து. கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்பது தயாரித்த அன்றே முடிவாகிவிட்ட கணக்கு. அதில் காந்தமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை, வயதானதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாகப் போவதற்கு இடமே இல்லை. ஒன்று எண்ணும், இல்லையென்றால் பல் உடைந்து நின்றுவிடும்.

நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது. ஓடோமீட்டர் தூரத்தைத் தப்பாகச் சொன்னால் கோளாறு கேபிளுக்குக் கீழே, அதாவது டயரிலோ கியரிலோ இருக்கிறது. ஓடோமீட்டர் சரியாகச் சொல்லி முள் மட்டும் தப்பாகக் காட்டினால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், பழைய வண்டிகளில் அதுதான் வழக்கம். எவ்வளவு எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் மீட்டரைத் திறப்பது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

சரி, எப்படி அளப்பது? முதலில் டயரில் காற்றை வண்டிக்குரிய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு தூரம் தெரிந்த ஒரு நீளமான சாலையில், கிலோமீட்டர் கற்களைப் பார்த்தோ போனின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை வைத்தோ, 20 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஒரே ஒரு கிலோமீட்டரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சாலை வேலையில் கற்கள் இடம் மாறியிருக்கும், அதோடு ஓடோமீட்டரின் கடைசி இலக்கம் 100 மீட்டரைத்தான் காட்டும், ஒரு கிலோமீட்டரில் அது 10 சதவீதம், 20 கிலோமீட்டரில் அரை சதவீதம்தான். 20 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 20.6 என்று காட்டினால் 3 சதவீதம் கூடுதல். இந்த ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஓடோமீட்டர் தப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டயர். வண்டி வந்தபோது 165/80 ஆர் 13 அளவு டயர், அதாவது 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பக்கச்சுவரின் உயரம் 165-ல் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 264. ரிம் 13 அங்குலம், அதாவது 330. மொத்த விட்டம் 594 மில்லிமீட்டர். இப்போது அதில் 175/70 ஆர் 13 போட்டிருக்கிறார்கள். அகலமான டயர், அதனால் பெரிய டயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் 245-உம் 330-உம் சேர்ந்து 575 மில்லிமீட்டர்தான் வருகிறது. சக்கரம் 3 சதவீதத்துக்கு மேல் சிறுத்துவிட்டது, அதே தூரத்துக்கு அத்தனை கூடுதல் சுற்று சுற்றுகிறது, வேகமும் தூரமும் இரண்டுமே கூடுதலாகக் காட்டுகின்றன. வண்டியோடு வந்ததைவிடப் பெரிய டயர் போட்டால் நேர் எதிர், இரண்டும் குறையும், அதுதான் பயப்பட வேண்டியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் இதில் அடிபடும். சின்ன டயர் போட்டபின் மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்களில் பலர், ஓடோமீட்டர் கூட்டிச் சொல்வதை நம்பித்தான் சந்தோஷப்படுகிறார்கள். எண்ணெய் மாற்றும் கணக்கும் அப்படித்தான் தவறும்.

தேய்மானமும் உண்டு. புது டயரில் 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள வரிப்பள்ளம் 1.6-க்கு வரும்போது ஆரம் 6.4 மில்லிமீட்டர் குறைந்திருக்கும், மேலே சொன்ன அளவு டயரில் இது சுமார் 2 சதவீதம். ஆகவே அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று துரத்திக்கொண்டு போவதில் அர்த்தமில்லை, அடுத்த டயர் மாற்றும்போது அந்தக் கணக்கெல்லாம் போய்விடும்.

டயர் சரியான அளவுதான், ஆனாலும் தூரம் இடிக்கிறது என்றால் கியரைப் பாருங்கள். பழைய வண்டியில் எந்தக் காலத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பது தெரியாது. வேறு மாடலின் கியர்பாக்ஸ் ஏறியிருக்கலாம், பின் அச்சின் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, மாறியிருக்கலாம். கேபிள் கியர்பாக்ஸிலிருந்து கிளம்பும் வண்டியில் 4.11 விகித டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு 3.9 போட்டால், கேபிள் அதே அளவு சுற்றும்போது சக்கரம் சுமார் 5 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். வண்டி வேகமாகப் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இதற்கு மீட்டரை எத்தனை முறை திறந்தாலும் பலனில்லை. கேபிளை ஓட்டும் அந்தச் சின்னப் பல்சக்கரத்தை, பினியனை, மாற்ற வேண்டும், 20 பல் இருந்த இடத்தில் 19 பல் போட்டால் கேபிள் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே வேகமாகச் சுற்றும், கணக்கு நேராகிவிடும். பொருத்தமான பினியன் கிடைக்காத வண்டிகளுக்கு கேபிளின் நடுவே பொருத்தும் சின்ன விகித கியர்பெட்டிகள் உண்டு.

ஓட்டிப் பார்க்கவே முடியாமல், மீட்டர் கழன்ற நிலையில் வண்டி நிற்கிறது என்றாலும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. பல மீட்டர்களின் எண்தட்டில், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக, டபிள்யூ என்ற எழுத்தும் 1.0 அல்லது 1.4 போன்ற ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தால் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. மைல் கணக்கில் காட்டும் பழைய மீட்டர்களில் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று 1000, 1280 மாதிரி நான்கு இலக்க எண் இருக்கும். கேபிளை மீட்டர் பக்கத்தில் கழற்றி, உள்கம்பியின் முனையில் ஒரு அட்டைத் துண்டை முள் மாதிரிச் செருகிவிடுங்கள். வண்டியை நியூட்ரலில் வைத்து, சமதளத்தில் வளையாமல் நேர்கோட்டில், டேப் பிடித்து அளந்த 20 மீட்டர் தள்ளுங்கள். ஒருவர் தள்ள, ஒருவர் அட்டை சுற்றுவதை எண்ண வேண்டும். எண்தட்டில் 1.0 என்றிருந்தால் 20 சுற்று வர வேண்டும். 20-க்கு மேல் அரைச் சுற்றைச் சற்றுத் தாண்டி நின்றால் அதே 3 சதவீதம்தான். என்ஜினையே ஓட்டாமல், மீட்டரைத் திறக்காமல் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

அடுத்தது முள். போனின் ஜிபிஎஸ் வேகம், வானம் திறந்த நேரான சாலையில், ஒரே சீரான வேகத்தில் போகும்போது நம்பத் தகுந்தது. வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது சில நொடி பின்தங்கும், அதனால் வேகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துப் படியுங்கள். போன் இல்லாத காலத்து முறையும் இன்றும் செல்லும். 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் வகுத்தால் வேகம், 90 நொடி என்றால் 40, 60 நொடி என்றால் 60, 45 நொடி என்றால் 80. எந்த முறையானாலும் படிப்பதும் எழுதுவதும் பக்கத்திலோ பின்னாலோ உட்கார்ந்திருப்பவர் வேலை. ஓட்டுபவர் போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, சாலையில் அனுமதித்த வேகத்தைத் தாண்டியும் செய்யக் கூடாது.

ஒரே ஒரு வேகத்தில் பார்ப்பது போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று வேகம் வேண்டும். உண்மையான 40-ல் முள் 45-ஐயும், 60-ல் 66-ஐயும், 80-ல் 86-ஐயும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஓடோமீட்டரின் கூடுதல் முன்பு அளந்த அதே 3 சதவீதம். அந்த 3 சதவீதம் டயராலோ கியராலோ வருவது, அதனால் கேபிள் மீட்டருக்குச் சொல்லும் வேகமே 41, 62, 82 என்றுதான் இருக்கும். மீதி என்ன? மூன்று இடத்திலும் 4. எந்த வேகத்திலும் ஒரே 4 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்றால் முள் அச்சில் தள்ளிச் செருகப்பட்டிருக்கிறது. இந்த வண்டிக்கு உங்கள் பகுதியில் வந்த பதில் சரியானது.

இப்போது வேறொரு வண்டி. ஓடோமீட்டர் துல்லியம். முள் 40-ல் 37, 60-ல் 55, 80-ல் சுமார் 74 காட்டுகிறது. இங்கே வித்தியாசம் 3, 5, 6 என்று வேகத்தோடு வளர்கிறது, எல்லா இடத்திலும் 8 சதவீதம் குறைவு. இது காந்தம் வலுவிழந்த மீட்டர். கிண்ணத்தை இழுக்கும் விசை காந்தப்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், காந்தம் 4 சதவீதம் தளர்ந்தாலே முள் 8 சதவீதம் இறங்கிவிடும். இந்த மீட்டரின் முள்ளைப் பிடுங்கி, 60-ல் சரியாக நிற்கும்படி 5 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? 60-ல் அச்சுப் பிசகாமல் காட்டும். 40-ல் 42 காட்டும். 80-ல் 78-க்குச் சற்று மேலே, 100-ல் 97. எங்கே துல்லியம் அதிகம் தேவையோ அங்கே குறைவாகக் காட்டுகிறது, மெதுவாகப் போகும்போது கூட்டிக் காட்டுகிறது. சுருள்வில் தளர்ந்த மீட்டரில் இதே கதை தலைகீழாக நடக்கும், வேகம் கூடக் கூடக் கூட்டிக் காட்டும். கேள்வி கேட்ட வாசகரின் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று அவரே எழுதியிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குறைத்துக் காட்டுவது சின்ன விஷயமில்லை. 66-ல் போகும் வண்டி 60 என்று காட்டினால், பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஓட்டுபவர் நினைப்பதைவிட 21 சதவீதம் அதிகம். பழைய வண்டியின் பழைய பிரேக்குக்கு அந்த 21 சதவீதம் மிகப் பெரிது. மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதை உலகமே ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். புது மாடல்களுக்கு ஒப்புதல் தருவதற்கான ஐக்கிய நாடுகள் சபையின் 39-ஆம் எண் வாகன விதி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக எப்போதும் காட்டக் கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டலாம், கார்களுக்கு உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை, அதாவது உண்மையான 100-க்கு 114 வரை. பழைய வண்டிகள் இந்த விதிக்கு முன்பே வந்தவையாக இருக்கலாம், ஆனாலும் இதன் நியாயம் அவற்றுக்கும் பொருந்தும். நானாக இருந்தால் எந்த மீட்டரையும் பூஜ்ஜியப் பிழைக்குக் கொண்டுவர முயல மாட்டேன், இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும்படி விட்டுவிடுவேன்.

முள்தான் குற்றவாளி என்று உறுதியானபின் திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டி நிற்கும்போது முள் பூஜ்ஜியத்தில் இருக்கும் சின்ன ஆணியில் சாய்ந்திருக்கும். சுருள்வில் தளர்வாக நிற்கும் உண்மையான இடம் அது இல்லை, பல மீட்டர்களில் அதற்கும் கீழே இருக்கிறது. அதனால் முள்ளைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாகத் தூக்கி ஆணியைத் தாண்டி விட்டு, தானாக எங்கே போய் நிற்கிறது என்று எண்தட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய அடையாளம் போட வேண்டும். இதைச் செய்யாமல் பிடுங்கிவிட்டு, பிறகு பூஜ்ஜியத்துக்கு நேராக அழுத்தி வைத்தவர்களின் மீட்டர்கள்தான் எல்லா வேகத்திலும் தப்பாகக் காட்டுகின்றன. முள்ளை ஒரு பக்கமாக நெம்பினால் அச்சு வளையும், இரண்டு பக்கமும் ஒரே அளவு உயர்த்த வேண்டும், எண்தட்டில் கீறல் விழாமல் அடியில் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எண்தட்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பழைய எழுத்துகள் துணியோடு வந்துவிடும். மிகப் பழைய மீட்டர்கள் சிலவற்றில், முக்கியமாக ராணுவ வண்டிகளில் வந்தவற்றில், இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நின்றிருக்காது. அப்படிச் சந்தேகம் இருந்தால் கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

காந்தக் கோளாறை வீட்டில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தொழிற்சாலையில் காந்தத்தைத் தேவைக்கு மேல் வலுவாக்கி, மீட்டரைத் தெரிந்த வேகத்தில் ஓடவிட்டு, மாறுமின்னோட்டச் சுருளால் கொஞ்சம் கொஞ்சமாக வலுவைக் குறைத்து முள்ளைச் சரியான எண்ணுக்கு இறக்குவார்கள். மீட்டர் வேலை மட்டுமே செய்பவர்களிடம் அந்தக் கருவி இருக்கும். வலுவான காந்தத் துண்டைப் பக்கத்தில் காட்டினால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், முள் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

மீட்டரைத் தனியே கழற்றிச் சோதிக்க விரும்புபவர்களுக்கு, வேகத்தை மாற்றக்கூடிய டிரில் மெஷினில் சதுர முனையுள்ள ஒரு துண்டைப் பொருத்தி மீட்டரை ஓட்டலாம், டிரில்லின் சுற்று வேகத்தை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டேக்கோமீட்டரால் அளந்துகொள்ள வேண்டும். எண்தட்டில் 1.0 இருந்தால் நிமிடத்துக்கு 1000 சுற்றில் 60 கிலோமீட்டர் காட்ட வேண்டும், 1.4 என்றால் 1400 சுற்றில். மைலுக்கு 1000 சுற்று என்றிருந்தால் 1000 சுற்றில் 60 மைல். எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், எதிர்த்திசையில் ஓட்டினால் முள் ஆணியில் போய் முட்டும். டிரில்லில் சரியாகக் காட்டும் மீட்டர் வண்டியில் தப்பாகக் காட்டினால், மேலே சொன்ன டயர், கியர் கணக்குக்குத் திரும்புங்கள்.

கேபிளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கேபிள் பழசாகிவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு முனை 1000 சுற்று சுற்றினால் மறுமுனையும் 1000 சுற்று சுற்றித்தான் ஆக வேண்டும், முனை மழுங்கி வழுக்கினால் தவிர. அப்படி வழுக்கினால் முள் துள்ளும் அல்லது விழுந்துவிடும், சீராக 8 சதவீதம் குறையாது. கேபிள் செய்யும் கெடுதல் வேறு. காய்ந்துபோனாலோ எங்காவது நசுங்கியிருந்தாலோ முள் நடுங்கும், எந்த எண்ணைப் படிப்பது என்று தெரியாது. வளைவுகள் 15 சென்டிமீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. உள்கம்பிக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் போதும், மீட்டர் பக்கம் கடைசி 15 சென்டிமீட்டருக்கு எதுவும் தடவாதீர்கள். உள்கம்பி சுருளாக முறுக்கப்பட்டது, சுற்றச் சுற்ற எண்ணெயை மீட்டருக்குள் ஏற்றிவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எண்ணெய் போய்விட்டால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பும், முள் திடீரென்று மேலே ஏறி அங்கேயே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு காந்தம் போய்விட்டது என்று மீட்டரையே தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடும்.

வெயிலையும் குறிப்பிட வேண்டும். சூடானால் அலுமினியத்தின் மின்தடை டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் கூடும், 20 டிகிரி ஏறினால் 8 சதவீதம், முள் அந்த அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்காமல் இருக்கக் காந்தத்தோடு நிக்கலும் இரும்பும் கலந்த ஒரு மெல்லிய தகட்டை வைத்திருப்பார்கள், சூட்டில் அது தன் வழியாகக் குறைவான காந்தப்புலத்தை விட்டு மீதியைக் கிண்ணத்துக்குத் தள்ளும். மீட்டரைப் பிரிப்பவர்கள் அது எதற்கு என்று தெரியாமல் கழற்றி எறிந்துவிடக் கூடாது. காலையில் சரியாகவும் உச்சி வெயிலில் குறைவாகவும் காட்டும் மீட்டரில் முதலில் இந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடோமீட்டர் எண்ணைத் தொடுவது வேறு விஷயம். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் குற்றம். மீட்டரைத் திறந்தாலும், மாற்றினாலும், பினியனை மாற்றினாலும், அன்றைய எண்ணையும் தேதியையும் வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள். வாங்கப் போகிறவருக்குச் செய்யும் நியாயம் அது.

இவ்வளவும் படித்துவிட்டு, எனக்குத் திறக்கத் தெரியாது, திறக்கத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லை என்பவர்களுக்கு, திறக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அளந்த எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதி, மீட்டர் காட்டுவது இவ்வளவு, உண்மை இவ்வளவு என்று பார்வையில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். முள் நடுங்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தப்பாகக் காட்டும் மீட்டருக்கு இந்த அட்டை நேர்மையான முதலுதவி, ஆள் கிடைக்கும்வரை இதை வைத்து ஓட்டலாம்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், முடிந்தால் அடுத்த இதழிலேயே, பலர் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள். கேள்வி கேட்ட வாசகர் முள்ளை இன்னும் பிடுங்காமல் இருந்தால் கொஞ்சம் பொறுக்கட்டும். 20 கிலோமீட்டருக்கு ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, 40, 60, 80-ல் முள் எங்கே நிற்கிறது என்ற நான்கு எண்களையும், டயரின் பக்கச்சுவரில் இருக்கும் அளவையும், எண்தட்டில் டபிள்யூ எழுத்துக்குப் பக்கத்தில் எண் இருந்தால் அதையும் உங்கள் பகுதிக்கு எழுதி அனுப்பட்டும். அவற்றை வெளியிட்டால், எதை மாற்ற வேண்டும் எதைத் தொடக் கூடாது என்று கணக்குப் போட்டு எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஓட்டும் வாசகர் ஒருவர்